ஃபுல் ஃபிரேம் வாங்கியாச்சு, பழைய கிராப் லென்ஸ்களை என்ன செய்வது?

புது பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) கைக்கு வந்த அன்றே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. ஐந்தாறு வருடம் கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் படம் எடுத்தவர், சேர்த்த காசையெல்லாம் ஃபுல் ஃபிரேம் பாடியில் போட்டுவிட்டுப் பையைத் திறக்கிறார். உள்ளே இருப்பதெல்லாம் கிராப் லென்ஸ். கேமராவோடு வந்த 18-55 மிமீ, ஒரு 55-250, ஜூம் ஆகாத 35 பிரைம் ஒன்று, ஆசைப்பட்டு வாங்கிய ஒரு 10-20. மாட்டினால் வேலை செய்யுமா? செய்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாமா? இல்லை, எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரே ஒரு நல்ல லென்ஸ் வாங்குவதா?

கேட்பவர்கள் பெரும்பாலும் பையை மொத்தமாக வைத்துத்தான் கேட்கிறார்கள். "வச்சுக்கவா, வித்துடவா?" நான் பார்த்தவரை பதில் லென்ஸுக்கு லென்ஸ் மாறுகிறது. ஒரே பையில் இருக்கும் நான்கில் ஒன்றை இன்றைக்கே விற்கலாம், இன்னொன்றை விற்றால் பின்னால் வருத்தப்படுவீர்கள். அதனால் முதலில் எதை வைத்து எடை போடுவது என்று பார்த்துவிட்டு, அப்புறம் வழிகளுக்கு வருவோம். வழிகள் நான்கு: கிராப் மோடில் (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வைத்து) பயன்படுத்துவது, கிராப்பை அணைத்து முழு சென்சாரிலும் எடுப்பது, விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேம் லென்ஸ் வாங்குவது, பழைய பாடியையும் கையில் வைத்துக்கொள்வது.

## எதை வைத்து எடை போடுவது

மாட்ட முடியுமா? இதுதான் முதல் வடிகட்டி. நிக்கானின் டிஎக்ஸ் எனும் கிராப் லென்ஸ்கள் எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) கொண்ட ஃபுல் ஃபிரேம் பாடியில் தாராளமாக ஏறும். சோனியின் ஈ மவுண்டிலும், பென்டாக்ஸிலும், எல் மவுண்டிலும் அப்படியே. கேனானில்தான் சிக்கல். 2003இல் ஈஓஎஸ் 300டி கேமராவோடு வந்த ஈஎஃப்-எஸ் வகை கிராப் லென்ஸ்களின் பின்பக்கம் பாடிக்குள் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் இருக்கும் பெரிய மிரர் மேலெழும்போது அதில் இடிக்கும் என்பதால், மவுண்டே அந்த லென்ஸை ஏற்காதபடி செய்துவிட்டார்கள். ஈஎஃப்-எஸ் லென்ஸில் வெள்ளைச் சதுரம் ஒன்று இருக்கும். ஃபுல் ஃபிரேம் பாடியின் மவுண்டில் சிவப்புப் புள்ளி மட்டும்தான் இருக்கும். சிலர் லென்ஸின் பின்பக்கத்தை அறுத்து, ராவி மாட்டிப் பார்க்கிறார்கள். வேண்டாம்.

அதே ஈஎஃப்-எஸ் லென்ஸ் கேனானின் ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் அடாப்டர் வழியாக ஒழுங்காக வேலை செய்கிறது, அங்கே இடிக்க மிரரே இல்லை. கேனானின் முந்தைய மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஈஎஃப்-எம் லென்ஸ்கள் மட்டும் ஆர் பாடிக்கு எந்த வகையிலும் உதவாது. அவை சென்சாருக்கு 18 மிமீ முன்னால் நிற்கும்படி செய்யப்பட்டவை, ஆர் மவுண்டோ 20 மிமீ தூரத்தில் இருக்கிறது. நடுவில் அடாப்டர் வைக்க இடமே இல்லை.

எத்தனை மெகாபிக்சல் மிஞ்சும்? ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மிமீ. கிராப் சென்சார் ஏறத்தாழ 23.5×15.6 மிமீ, கேனானில் இன்னும் கொஞ்சம் சிறிது. நீள அகலத்தில் 1.5 மடங்குதான் (கேனானில் 1.6) வித்தியாசம் என்று கேட்கும்போது சின்ன விஷயமாகப் படும். பரப்பில் அது இரண்டேகால் மடங்குக்கு மேல் போகிறது. கிராப் மோடில் உங்கள் சென்சாரின் பாதிக்கு மேல் சும்மா இருக்கிறது.

| பாடி | முழு சென்சார் (மெகாபிக்சல்) | கிராப்பில் மிஞ்சுவது |
|---|---|---|
| கேனான் ஆர்6 | 20 | 7.7 |
| நிக்கான் டி750, இசட்6. சோனி ஏ7 மூன்று | 24 | 10 |
| கேனான் ஈஓஎஸ் ஆர் | 30 | 11.6 |
| சோனி ஏ7 நான்கு | 33 | 14 |
| பென்டாக்ஸ் கே-1 | 36 | 15 |
| கேனான் ஆர்5 | 45 | 17 |
| நிக்கான் டி850, இசட்7 | 45.7 | 19.5 |
| சோனி ஏ7ஆர் நான்கு, ஐந்து | 61 | 26 |

இந்த அட்டவணையில் உங்கள் பாடி எங்கே நிற்கிறது என்பதிலேயே முக்கால்வாசி முடிவு அடங்கிவிட்டது. 10 மெகாபிக்சல் மோசம் என்று சொல்லவில்லை. 3936×2624 பிக்சலை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் ஏ4 தாளை நிரப்பி மிச்சமும் இருக்கும். ஆனால் அதிலிருந்து இன்னும் வெட்ட வேண்டி வந்தால் கை கட்டப்பட்டுவிடும். 24 மெகாபிக்சல் கிராப் கேமராவைக் கொடுத்துவிட்டு 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் வாங்கி, அதில் பழைய லென்ஸை மாட்டுகிறவர் செலவு செய்து பின்னால் போகிறார்.

ஒளியும் பின்னணி மங்கலும். எஃப்/2.8 அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எங்கே மாட்டினாலும் எஃப்/2.8தான், ஷட்டர் வேகக் கணக்கு மாறாது. ஆனால் கிராப் மோடில் படத்துக்குச் சேரும் மொத்த ஒளி பாதிக்கும் குறைவு. ஐஎஸ்ஓ 3200இல் எடுத்த கிராப் படத்தில் தெரியும் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்), முழு சென்சாரில் 7200 வைத்தது போல இருக்கும். பின்னணி மங்கலுக்கும் இதே கதை. கிராப்பில் எஃப்/1.8 கொடுக்கும் மங்கல், முழு சென்சாரில் எஃப்/2.8க்குப் பக்கத்தில் வருகிறது. இருட்டில் நன்றாக எடுக்கலாம் என்றுதானே ஃபுல் ஃபிரேம் வாங்கினீர்கள்? கிராப் லென்ஸை மாட்டியதும் அந்த ஆதாயம் அப்படியே கழன்றுவிடுகிறது.

மொத்தச் செலவு. லென்ஸ் விலை மட்டும் செலவு இல்லை. ஃபில்டர், பை, ட்ரைபாட், அடாப்டர், விற்கும்போது விழும் நஷ்டம் எல்லாம் இதில் வரும். ஒவ்வொரு வழியிலும் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

## வழி 1: கிராப் மோடில் பயன்படுத்துவது

மாட்டினால் போதும், மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நிக்கான் இசட் வரிசையிலும் கேனான் ஆர் வரிசையிலும் தங்கள் நிறுவனத்து கிராப் லென்ஸைக் கண்டதும் பாடி தானாகக் கிராப்புக்குப் போய்விடும், நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாது. நிக்கானின் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர்களிலும், சோனியிலும், பென்டாக்ஸ் கே-1இலும் மெனுவில் அதை அணைக்கலாம்.

மிரர்லெஸ்ஸில் இந்த வழி வசதியாகவே இருக்கிறது. வியூஃபைண்டர் கிராப் ஆன பகுதியைப் பெரிதாக்கி நிரப்பிக் காட்டும், வித்தியாசமே தெரியாது. டிஎஸ்எல்ஆரில் அப்படி இல்லை. நடுவில் ஒரு சின்னக் கட்டம், சுற்றிலும் படத்தில் வராத பகுதி. சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். ஆனால் டிஎஸ்எல்ஆரில் ஒரு லாபமும் உண்டு: நடுவில் குவிந்திருக்கும் ஆட்டோஃபோகஸ் புள்ளிகள் கிராப் கட்டத்தின் பெரும்பகுதிக்கும் பரவிவிடும். ஓரத்தில் ஓடும் பறவையையும் புள்ளிக்குள் பிடிக்கலாம்.

வீடியோ எடுப்பவர்களுக்கு இந்த வழியில் நஷ்டம் ரொம்பக் குறைவு. 4கே வீடியோவுக்கு அகலத்தில் 3840 பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் பாடியின் கிராப்பில் 3936 இருக்கிறது, சரியாகப் பொருந்துகிறது. அதோடு, சோனி ஏ7 நான்கிலும் நிக்கான் இசட்6 இரண்டிலும் நொடிக்கு 60 ஃபிரேம் 4கே என்றாலே கேமரா கிராப்பில்தான் எடுக்கும். அங்கே விலையுயர்ந்த ஃபுல் ஃபிரேம் லென்ஸை மாட்டினாலும் அதன் நடுப்பகுதிதான் பயன்படப்போகிறது. கேனான் ஆர்6இல் மட்டும் கவனம் வேண்டும். 20 மெகாபிக்சலைக் கிராப் செய்தால் 4கே அகலமே மிஞ்சாது.

இந்த வழியில் பணமாகத் தெரியாத செலவு ஒன்று உண்டு, அதை நானே கட்டினேன். என் கேமராவில் கிராப்பைக் கையால் ஆன் செய்யலாம். பகலில் ஒரு பழைய லென்ஸுக்காக ஆன் செய்தேன். சாயங்காலம் ஃபுல் ஃபிரேம் 50ஐ மாட்டி, ஒரு நிகழ்ச்சி முழுக்க எடுத்தேன். கோணம் வழக்கத்தைவிட நெருக்கமாகத் தெரிந்தபோதெல்லாம் இரண்டு அடி பின்னால் போய்ப் போய் எடுத்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் எல்லாப் படமும் 10 மெகாபிக்சல். ராவில்தானே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தோம், மீட்டுவிடலாம் என்று நினைத்தேன். ராவ் கோப்பும் வெட்டித்தான் பதிவாகியிருந்தது. வெளியே இருந்த பகுதி எங்கேயும் இல்லை. அன்றிலிருந்து கிராப் மோடை ஒரு பட்டனில் வைத்திருக்கிறேன், லென்ஸ் மாற்றும்போது கை தானாக அங்கே போகும்.

இந்த வழி யாருக்குச் சரி? 40 மெகாபிக்சலுக்கு மேல் இருக்கும் பாடிக்காரர்களுக்கு, வீடியோவை முதன்மையாக வைத்தவர்களுக்கு, அடுத்த லென்ஸ் வாங்கும்வரை ஓரிரு மாதம் ஓட்ட வேண்டியவர்களுக்கு. 24 மெகாபிக்சல் பாடியில் வருடக்கணக்கில் இப்படி ஓட்டுவது, பெரிய வீடு கட்டி ஒரே அறையில் குடியிருப்பது மாதிரி.

## வழி 2: கிராப்பை அணைத்துவிட்டு முழு சென்சாரிலும் எடுப்பது

எனக்குப் பிடித்த வழி இதுதான், பலர் முயன்று பார்ப்பதே இல்லை.

லென்ஸ் சென்சார் மேல் விழச் செய்வது செவ்வகம் இல்லை, ஒரு வட்டம். கிராப் சென்சாரின் மூலைவிட்டம் 28 மிமீ சொச்சம், ஃபுல் ஃபிரேமின் மூலைவிட்டம் 43.3 மிமீ. கிராப் லென்ஸின் வட்டம் 28ஐத் தாண்டியே ஆக வேண்டும், 43ஐத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பல லென்ஸ்களின் வட்டம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சில லென்ஸ்கள் கிட்டத்தட்ட முழுதையும் மூடிவிடுகின்றன.

தெரிந்த சில உதாரணங்கள்: நிக்கானின் 35 மிமீ எஃப்/1.8 டிஎக்ஸ் லென்ஸ், ஓரங்கள் கறுத்தாலும், ஃபுல் ஃபிரேமின் பெரும்பகுதியை மூடும். டோக்கினா 11-16 எஃப்/2.8 அதன் 16 மிமீ முனையில் ஃபுல் ஃபிரேமுக்குப் போதும். சோனியின் 10-18 எஃப்/4 நடுப்பகுதியில், ஏறத்தாழ 12இலிருந்து 16 வரை, முழு சென்சாரையும் நிரப்புகிறது. பென்டாக்ஸின் டிஏ வரிசையில் 200, 300 மிமீ போன்ற நீள லென்ஸ்களுக்குக் கிராப் மோடே தேவைப்படுவதில்லை.

முழுதாக மூடாத லென்ஸிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 24×24 மிமீ சதுரத்தின் மூலைவிட்டம் 34 மிமீக்குள் அடங்குகிறது. அதாவது வட்டம் 34 மிமீ இருந்தாலே சென்சாரின் முழு உயரத்தையும் பயன்படுத்திச் சதுரப் படம் எடுக்கலாம். 24 மெகாபிக்சல் பாடியில் அது 16 மெகாபிக்சல். கேமராவின் தானியங்கிக் கிராப் கொடுப்பதோ 10. அதே லென்ஸ், அதே பாடி, வெட்டும் வடிவம் மட்டும்தான் வேறு. சதுரப் படம் பிடிக்குமென்றால் உங்கள் கிராப் பிரைமுக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்த மாதிரி. 5:4 வடிவத்துக்கு 38 மிமீ சொச்ச வட்டம் வேண்டும், அதுவும் சில லென்ஸ்களில் கிடைக்கும்.

உங்கள் லென்ஸின் வட்டம் எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டாம், ஒரு வெள்ளைச் சுவர் போதும். கிராப்பை அணையுங்கள், ஹூடைக் கழற்றுங்கள், ஃபில்டர் இருந்தால் அதையும். ஃபோகஸை முடிவிலியில் வையுங்கள். ஜூம் என்றால் வளையத்தில் எண் எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு படம்: ஒன்று அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, இன்னொன்று எஃப்/11இல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திறந்த அப்பர்ச்சரில் மூலை மெதுவாக இருளும், அதைக் கணினியில் ஓரளவு தூக்கிவிடலாம். எஃப்/11இல் அதே வட்டம் கத்தியால் வெட்டியது போல விளிம்போடு நிற்கும். அந்தக் கறுப்பில் தூக்க ஒன்றுமில்லை, வெட்டத்தான் வேண்டும். நிலக்காட்சி எடுப்பவர்கள் திறந்த அப்பர்ச்சரில் மட்டும் சோதித்துவிட்டு ஏமாறுவது இங்கேதான்.

பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். சென்சாரே நகர்வதால் கறுப்பு வட்டம் படத்துக்குப் படம் கொஞ்சம் தள்ளி விழும், ஒரு படத்தில் இடது மூலை அதிகம் கறுக்கும், அடுத்ததில் வலது. சோதனையின்போது அதை அணைத்துவிடுங்கள், எடுக்கும்போது வெட்டுவதற்கு ஓரத்தில் இடம் விடுங்கள்.

இதன் மறைமுகச் செலவு நேரம். ஒவ்வொரு படத்தையும் கையால் வெட்ட வேண்டும், மூலைகளைத் தூக்கினால் அங்கே நாய்ஸ் ஏறும், லென்ஸ் வடிவமைத்தவர் கணக்கில் எடுக்காத ஓரப்பகுதியில் கூர்மையும் குறையும். நூறு படம் கொடுக்க வேண்டிய வேலைக்கு இது ஆகாது. நிதானமாகப் பத்துப் படம் எடுப்பவருக்கு அருமையான வழி. கேனான் ஆர், நிக்கான் இசட் பாடிக்காரர்களுக்கு, பாடியோடு பேசாத மேனுவல் லென்ஸ் போல, தன்னைக் கிராப் என்று சொல்லாத லென்ஸ்களில்தான் இது கைகூடும். லென்ஸ் தன்னைக் கிராப் என்று சொல்லிவிட்டால் கேமரா விடாது.

## வழி 3: விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேம் லென்ஸ் வாங்குவது

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், "எல்லாத்தையும் மறுபடி வாங்கணுமா?" என்று. வேண்டாம். பயத்தில் பாதி, எண்களைத் தவறாக ஒப்பிடுவதால் வருகிறது.

கிராப்பில் 17-55 எஃப்/2.8 வைத்திருந்தவர், ஃபுல் ஃபிரேமில் 24-70 எஃப்/2.8 விலையைப் பார்த்துவிட்டு மலைக்கிறார். ஆனால் அவருடைய பழைய லென்ஸ் கொடுத்தது ஃபுல் ஃபிரேம் கணக்கில் (எண்களை 1.5ஆல் பெருக்கினால்) 25-82 எஃப்/4.2தான். சாதாரண 24-105 எஃப்/4 ஒன்று அந்த வேலையை முழுதாகச் செய்யும், இன்னும் நீளமாகவும் போகும். எஃப்/2.8க்கு எஃப்/2.8 என்று தேடினால் இருந்ததைவிட ஒரு படி மேலே உள்ளதை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். தேவையென்றால் வாங்குங்கள், ஆனால் அதை "ஈடு" என்ற பெயரில் வாங்காதீர்கள்.

இன்னொரு உதாரணம், எடையோடு. சிக்மா 18-35 எஃப்/1.8, கிராப் உலகத்தில் பெயர் வாங்கிய லென்ஸ், 810 கிராம். ஃபுல் ஃபிரேம் கணக்கில் அது 27-52 எஃப்/2.7. டாம்ரான் 2018இல் சோனி மவுண்டுக்குக் கொண்டுவந்த 28-75 எஃப்/2.8 லென்ஸோ 550 கிராம்தான், ஜூம் எட்டும் தூரமும் அதிகம். இங்கே பெரிய சென்சாருக்கான லென்ஸ்தான் சின்னது.

மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். கிராப் லென்ஸுக்கு வாங்கிய 52, 58 மிமீ ஃபில்டர்கள் 77, 82 மிமீ லென்ஸில் ஏறாது, நல்ல போலரைசர் அந்த அளவில் விலை கூடும். பழைய பை போதாமல் போகலாம். கேமராவோடு வந்த 18-55க்கு விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. அதைப் பழைய பாடியோடு சேர்த்துக் கொடுத்தால்தான் போகும்.

மிரர்லெஸ்ஸுக்கு மாறியிருந்தால் பழைய டிஎஸ்எல்ஆர் காலத்து ஃபுல் ஃபிரேம் லென்ஸ்களை அடாப்டரில் மாட்டுவது பணம் மிச்சப்படுத்தும் வழி. ஆனால் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடியின் மோட்டாரை நம்பியிருந்த பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டோக்கினா 11-16இன் முதல் நிக்கான் பதிப்புக்கும் இதே நிலைமை.

வாங்கும்போது பெயரைச் சரிபாருங்கள், பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. சிக்மாவில் டிசி என்றால் கிராப், டிஜி என்றால் ஃபுல் ஃபிரேம். டாம்ரானில் டிஐ ஃபுல் ஃபிரேம், டிஐ இரண்டு கிராப், டிஐ மூன்று மிரர்லெஸ் ஃபுல் ஃபிரேம், அதன் பின்னால் ஓர் ஏ சேர்ந்தால் மிரர்லெஸ் கிராப். டோக்கினாவில் டிஎக்ஸ், எஃப்எக்ஸ். சோனியில் வெறும் ஈ கிராப், எஃப்ஈ ஃபுல் ஃபிரேம். சிக்மா, டாம்ரான், டோக்கினா நிறுவனங்களின் கிராப் லென்ஸ்கள் கேனானின் ஃபுல் ஃபிரேம் லென்ஸ்களுக்கான ஈஎஃப் மவுண்டிலேயே வருவதால் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் சத்தமில்லாமல் ஏறிவிடும். கேமராவும் எச்சரிக்காது. வீட்டுக்கு வந்து கறுப்பு வட்டத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரியும்.

## வழி 4: பழைய பாடியையும் வைத்துக்கொள்வது

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய பாடி விற்றால் பெரிதாக ஒன்றும் வராது என்ற நிலையில், அதுவும் 24 மெகாபிக்சல் என்றால், கிராப் லென்ஸ்களுக்கு அதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது. உங்கள் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் அந்த லென்ஸ் 10 கொடுக்கும், பழைய பாடியில் 24 கொடுக்கும். பறவை, விளையாட்டு எடுப்பவர்கள் நீள லென்ஸைப் பழைய பாடியிலேயே நிரந்தரமாக விட்டுவிட்டு, ஃபுல் ஃபிரேமில் அகலமான லென்ஸை வைத்துக்கொள்ளலாம். லென்ஸ் மாற்றும் வேலையும் மிச்சம்.

பேட்டரி ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கான் டி7200, டி750, இசட்6 மூன்றும் ஒரே குடும்பத்து பேட்டரியில் ஓடும். சோனியில் ஏ6400இன் பேட்டரி ஏ7 மூன்றுக்குப் பொருந்தாது, ஏ6600இன் பேட்டரி பொருந்தும். இரண்டு சார்ஜர் தூக்கிக்கொண்டு அலைவது முதல் மாதத்திலேயே அலுத்துவிடும்.

## இப்போது பையிலிருந்து ஒவ்வொன்றாக

18-55 போன்ற கிட் ஜூம்: பழைய பாடியோடு கொடுத்துவிடுங்கள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

35 எஃப்/1.8 பிரைம்: கிராப் மோடில் இது 52 மிமீ எஃப்/2.7 போல நடந்துகொள்ளும். நிக்கானில் அந்த 35 டிஎக்ஸ் 200 கிராம், ஃபுல் ஃபிரேமுக்கான 50 எஃப்/1.8ஜி 185 கிராம். எடையும் குறைவு, ஒளியில் ஒரு ஸ்டாப்புக்கு (இரண்டு மடங்குக்கு) மேல் ஆதாயம், முழு மெகாபிக்சல். பெரும்பாலான நிறுவனங்களில் 50 எஃப்/1.8 மலிவான லென்ஸ்களில் ஒன்று. முதலில் வாங்க வேண்டியது இதுதான். கிராப்பை அணைக்கக்கூடிய பாடி உங்களிடம் இருந்தால் மட்டும் 35ஐ விற்பதற்கு முன் சுவர்ச் சோதனை செய்யுங்கள். சதுரத்தில் அது கொடுக்கும் படம் பிடித்துப்போனால் விற்க மனம் வராது.

17-55 எஃப்/2.8 வகை: விலை கிடைக்கும்போதே விற்றுவிடுங்கள். ஃபுல் ஃபிரேமில் எஃப்/4 ஜூம் இதன் இடத்தைப் பிடித்துவிடும். வீடியோதான் தொழில் என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

55-250, 55-300 வகை டெலி ஜூம்: இதில்தான் பாடியின் மெகாபிக்சல் தீர்ப்புச் சொல்லும். கேனானின் ஈஎஃப்-எஸ் 55-250 எஸ்டிஎம் 375 கிராம். ஆர்5இல் மாட்டினால் 88-400 போன்ற கோணத்தில் 17 மெகாபிக்சல் கிடைக்கும். அதே கோணத்துக்கான ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம், அப்பர்ச்சர் எஃப்/5.6-8. கிராப்பின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் ஒளியில் இரண்டும் ஏறக்குறைய சமம். 45 மெகாபிக்சல்காரர் அவசரப்பட்டு மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆர்6காரருக்கு மிஞ்சுவது 7.7, அதில் தூரத்துப் பறவையை இன்னும் வெட்டினால் ஒன்றும் இருக்காது. அவர் மாற்றட்டும், அல்லது பழைய பாடியை வைத்துக்கொள்ளட்டும்.

10-20, 11-16, 10-18 வகை அகலக் கோண ஜூம்: இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. விற்பவர்கள் முதலில் விற்பது இதைத்தான், "ஃபுல் ஃபிரேமே அகலம், இனி எதற்கு?" என்று. கிராப் மோடில் 10-20 என்பது 15-30 ஆகத்தான் இருக்கும், சுமார்தான். ஆனால் கிராப்பை அணைத்து வளையத்தைக் கொஞ்சம் முன்னே திருப்பினால் வட்டம் விரிந்துகொண்டே போய் ஓரிடத்தில் மூலைகள் தெளியும். டோக்கினாவில் அது 16இல் நடக்கிறது, சோனியில் 12இலேயே. ஃபுல் ஃபிரேமில் அசல் 12 மிமீ கோணம் வேறு வழியில் வாங்க எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அணைக்க முடியாத கேனான் ஆர் பாடிக்காரர் என்றால் 165 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 16 எஃப்/2.8 பிரைமைப் பாருங்கள், ஈஎஃப்-எஸ் 10-18இன் அகல முனை கொடுக்கும் அதே 16 மிமீ கோணத்தை முழு சென்சாரில் கொடுக்கும். கிராப்பை அணைக்க முடிந்தவர்கள் சுவர்ச் சோதனை செய்து, மூலை தெளியும் எண்ணைக் கண்டுபிடித்து, ஜூம் வளையத்தில் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். என் லென்ஸில் அந்த டேப் ஒட்டி நாளாகிவிட்டது. ஓரம் பிய்ந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை.